எட்டில் எந்தப் பெட்டி

பிரைமஸ் கில்யார்ட் தென் கரோலினாவின் நெல்வயலில் அடிமையாகப் பிறந்தவன். உள்நாட்டுச் சண்டை முடிந்ததும் சட்டத்தைத் திருத்தி முதலில் விடுதலை என்றார்கள், அப்புறம் நீயும் குடிமகன் என்றார்கள், கடைசியில் ஓட்டும் உண்டு என்றார்கள். அடேயப்பா, முதல் ஓட்டுக்கு ஊரே குளித்துமுழுகிப் பாடிக்கொண்டு போனது!

வெள்ளைக்காரத் துரைமாருக்குப் பொறுக்குமா? ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தாறாம் வருஷத் தேர்தலன்று அவன் மச்சான் ஜூபாவை, சட்டைப்பையில் ஓட்டுச்சீட்டோடு, பாலத்தடியில் சுட்டுப் போட்டார்கள். ஜூபாவின் அக்காள்தான் பிரைமஸின் பெண்டாட்டி ஸில்வி. அந்தப் பக்கத்துப் பெண்களிடம் ஒரு வழக்கம்: ஓட்டைக் கோட்டைவிட்டு வரும் புருஷனுக்குச் சோறும் கிடையாது, படுக்கையும் கிடையாது.

எண்பத்துநாலில் துரைமார் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுச் சட்டத்தைக் கையில் எடுத்தார்கள். பதவிக்கு ஒன்றாக எட்டுப் பெட்டி. சீட்டு மாறி விழுந்தால் செல்லாது. அடிமைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தால் தண்டனை என்று வைத்திருந்த பாவிகள், இப்போது பெட்டியில் எழுதியிருப்பதைப் படி என்கிறார்கள்!

"ஜூபா போட முடியாததையும் சேத்துப் போட்டுட்டு வா. சொதப்பிட்டு இந்தப் படி ஏறாதே" என்றாள் ஸில்வி.

"உத்தரவு தளபதியம்மா" என்று சிரித்துக்கொண்டே கிளம்பினான்.

அவர்களில் படித்தவரான பாதிரியார் முதல் ஆளாகப் போட்டுவிட்டு வந்து, "ஜனாதிபதிப் பெட்டி இடமிருந்து ரெண்டாவது" என்றார். வரிசை முழுக்க, வீட்டுப் பெண்கள் வரைக்கும், அது காதோடு காதாகப் போனது. பிரைமஸ் உள்ளே போய், இரண்டாவதில் ஜனாதிபதிச் சீட்டைப் போட்டான்.

மேஜைக்குப் பின்னாலிருந்த தேர்தல் அதிகாரி லோரன் துரை பல்லைக் காட்டினான். "என்னடா, ஷெரீப் மேல அவ்வளவு பாசமா? அவர் பெட்டியில போட்டுட்டியே."

"காலையில இது ஜனாதிபதிப் பெட்டி தொரை..."

"ஒரே எடத்துல உக்காந்தா பெட்டிக்கும் கால் மரத்துப்போகும்ல? கொஞ்சம் மாறி உக்காந்துச்சு."

"எடுத்துக் குடுங்க தொரை, மாத்திப் போடறேன்."

"ஆளுக்கு ஒரு ஓட்டுதாண்டா. நீங்க கேட்ட சட்டம்தானே? கெளம்பு."

பின்கதவு வழியாகத் தள்ளினார்கள். வரிசையில் நிற்பவர்களிடம் ஒரு வார்த்தை சொல்ல வழியில்லை. வீட்டுக்கு நடந்தான்.

ஸில்வி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "போட்டியா?"

"போட்டேன்."

"ரெண்டாவதுலதானே?"

"ரெண்டாவதுலதான்."

தம்பி பேரைச் சொல்லி ஓவென்று அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, பயறும் சோறும் அள்ளி வைத்து, எடுத்து வைத்திருந்த ஒரே பன்றிக்கறித் துண்டையும் அவன் தட்டில் போட்டாள்.

"தின்னு. ஜூபாவுக்கும் சேத்துத் தின்னு."

பிரைமஸ் தின்றான். இன்னும் வேணுமா என்றாள். வேண்டும் என்று தட்டை நீட்டினான்.