அண்ணன் எழுதாத ஒரே ஆள்

எங்கள் அண்ணன் இறைவனடி சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்றார் அண்ணி. எழுதுகிறேன். ஆனால் என் வயிற்றெரிச்சலையும் சேர்த்துத்தான் எழுத வரும்.

அண்ணன் பிறந்தது திருப்புட்குழியில். தந்தையார் சீக்கிரமே காலமானதால் காஞ்சிபுரம் வந்து மாமா வீட்டுத் தறியில் உட்கார்ந்தார். என்னைப் பள்ளி இறுதி வரை படிக்க வைத்தார். விடியற்காலையில் எழுதி எழுதியே ஐந்து நாவல்களை முடித்தார். ஒன்றில்கூட ராஜா ராணி கிடையாது. மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நிற்பவர்கள், சைக்கிள் கடை பாய், பூக்கட்டும் கன்னியம்மா, இவர்கள்தான் அவருடைய கதைமாந்தர்.

ஒருவரைப் பற்றி எழுதுமுன் அவரிடமே போய், "கதையில உங்களுக்கு என்னா பேரு வெக்கட்டும்?" என்று கேட்பது அண்ணனின் வழக்கம். பாய் மூன்று நாள் யோசித்துச் சொன்னார். கன்னியம்மா சட்டென்று "வசந்தா" என்றார். இப்படியே எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு இரண்டு பெயர். எனக்கு மட்டும் ஒன்றே ஒன்று.

எழுதியதை முதலில் என்னிடம்தான் படித்துக் காட்டுவார். "ஏம்மா, இந்த எடத்துல இவ என்னா சொல்லுவா?" என்பார். நான் எரிச்சலோடு எதையாவது சொல்வேன். அப்படியே எழுதிக்கொள்வார்.

"என்னெ எப்பண்ணா எழுதப்போறே?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"உனக்கென்னாம்மா அவசரம்?" என்று சிரித்தார். ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. வசந்தாவின் கதை வந்த வார இதழைக் கிழித்து அடுப்பு மூட்டினேன். அண்ணிக்கு இது இன்றுதான் தெரியும்.

மஞ்சள் காமாலை நாற்பதே நாளில் அண்ணனைக் கொண்டுபோனது. "வசந்தா வந்துக்கிறேண்ணா, கண்ணத் தெறந்து பாரு" என்று கன்னியம்மா கதறியபோது, அந்த இடத்திலும் எனக்குப் பொறாமையாக இருந்தது.

பதினாறாம் நாள் காரியத்தன்று கன்னியம்மாவே என்னிடம் வந்தார். "ஏம்மா எங்கிட்ட மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு இருக்கறே? பேருதான் என்னுது. பேசறதெல்லாம் நீதானே! 'என் தங்கச்சி வாயத்தான் எல்லாருக்கும் வெச்சிக்கிறேன்'னு அண்ணன் எங்கிட்ட சொல்லிச்சே!"

வீட்டுக்கு வந்து ஐந்து நாவல்களையும் எடுத்துப் படித்தேன். வசந்தா மட்டுமல்ல, சைக்கிள் கடை பாய்கூட என்னைப் போலத்தான் சண்டை போடுகிறார். புத்தகத்தை மூடிவிட்டு அழுதேன்.

அண்ணனுக்கு வைத்தியம் பார்த்த மருத்துவருக்கும், தறியை நிறுத்திவிட்டு வந்து தோள் கொடுத்த தெருவாருக்கும், உற்றார் உறவினருக்கும் எங்கள் நன்றி. கன்னியம்மாவுக்கும்தான்.

ஆனாலும் அண்ணா, அதை என்னிடம் சொல்லாமல் அவரிடம் போய்ச் சொன்னீர்களே! அந்தப் பொறாமை மட்டும் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கண்ணீருடன்,
தங்கை