பதிவுத் தபாலில் போன அழைப்பு

போன வாரம் எங்கள் தெருவில் ஒரு சாவு. தஞ்சாவூரில் நான் குடியிருக்கும் இந்தப் பகுதியில் சாவு விழுந்தால் உறவுக்காரர்களுக்கு முன்னால் கண்ணாடிப் பெட்டி வந்துவிடுகிறது. பெட்டியோடு ஒலிபெருக்கி, ஒலிபெருக்கியோடு ஒரு பென் டிரைவ். வாடகையில் எல்லாம் சேர்த்தி. இறந்தவர் எதிர்வீட்டுக் கணக்கு வாத்தியார். அரை மணி நேரமாக ஒலிபெருக்கி பெற்ற தாயை நினைத்து உருகிக்கொண்டிருந்தது. மூத்த மகன்தான் முதலில் கவனித்தார்.

"ஏங்க, இது அம்மா பாட்டுங்க. எங்கம்மா உள்ள உக்காந்திருக்காங்க."

"சாரி சார், அப்பா அடுத்த ஃபோல்டர்ல இருக்காரு" என்றார் பெட்டிக்காரர்.

வட்டாட்சியர் அலுவலகத்தில் ஆயுள் முழுக்கக் கோப்புகளோடு கிடந்தவன் நான். தவறான கோப்பைத் திறந்தவனின் முகம் எனக்கு நன்றாகத் தெரியும். சிரிக்கக் கூடாத இடத்தில் சிரிப்பு முட்டியது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டேன். பக்கத்தில் நின்றவர் நான் அழுவதாக நினைத்து முதுகைத் தடவிக் கொடுத்தார். அந்தத் தடவலில் நிஜமாகவே அழுதுவிட்டேன். அது வாத்தியாருக்கான அழுகை இல்லை. செல்லம்மா அத்தைக்கானது.

செல்லம்மா அத்தை என் அப்பாவுக்கு ஒரே தங்கை. கூத்தாநல்லூர் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டவள். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எங்கள் வகையறாவில் எந்தக் காரியமும் அவள் குரல் இல்லாமல் தொடங்கியதும் இல்லை, முடிந்ததும் இல்லை. நலங்குக்கு அவள்தான் பாடுவாள். கும்மிக்கு முதல் தட்டு அவளுடையது. நடவு வயலில் அவள் எடுத்துக் கொடுக்கும் அடிக்குத்தான் மற்ற பெண்கள் குனிந்து நிமிர்வார்கள். சாவு வீட்டில் அவள் வாய் திறந்தால், கடன்காரனுக்குக்கூடக் கண் கலங்கும். இத்தனைக்கும் அவளிடம் இருந்தது நாலைந்து மெட்டுகள்தான். கல்லூரி முடித்த திமிரில் ஒருமுறை கேட்டேன்.

"ஏன் அத்தே, கல்யாணத்துக்கும் எழவுக்கும் ஒரே ராகந்தானா?"

"எனக்கு ஒரே தொண்டைதானே மருமவனே இருக்கு."



என் கல்யாணம் ஆவணியில் நிச்சயமானது. அப்போது நான் அலுவலகத்தில் தபால் அனுப்பும் பிரிவில் இளநிலை உதவியாளன். அந்தப் பிரிவின் பசை வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. கோதுமை மாவோடு, பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தமும் சேர்த்துக் காய்ச்சிய பசை. சோறு பிசையும்போதும் விரலில் மணக்கும். அப்பாவுக்கு வயலில் காலில் ஆணி ஏறி, கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. அம்மாவால் அவரை விட்டு நகர முடியவில்லை. அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"அத்தைக்கு நாங்கதான் போயி பத்திரிகை வைக்கணும். முடியல. நீ தட்டோட நேர்ல போ. அப்பாவால வர முடியலன்னு சொல்லி, கால்ல விழுந்து கூப்பிடு."

"சரிப்பா" என்றேன். தட்டு என்றால் வெற்றிலை, பாக்கு, பழம், பூ, அதன்மேல் பத்திரிகை. பேருந்து மாறி மாறிப் போய்வர ஒரு நாள் ஆகும். எனக்கோ விடுப்பு இருப்பு குறைவு. கல்யாணத்துக்காகச் சேர்த்து வைத்திருந்தேன். யோசித்துப் பார்த்தேன். சாதாரணத் தபாலில் அனுப்பினால்தானே மரியாதைக் குறைவு? ஒப்புகை அட்டையுடன் கூடிய பதிவுத் தபாலில் அனுப்பினால்? அரசாங்கமே மதிக்கும் முறை அல்லவா அது! உறையின் நாலு முனையிலும் மஞ்சள் தடவி, நானே பசை போட்டு ஒட்டி, நானே கொண்டுபோய்ப் பதிந்தேன். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது ஒப்புகை அட்டை திரும்பி வந்தது. பெறுபவர் கையொப்பம் என்ற இடத்தில் அத்தையின் இடது பெருவிரல் ரேகை. ஆதாரம் கைக்கு வந்துவிட்ட நிம்மதியில் அதை அப்பாவிடம் காட்டினேன். அவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நேர்ல போகலியா?"

அட்டையைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டேன். மறுநாள் காலையில் அவரே தட்டை எடுத்துக்கொண்டு, கட்டுப் போட்ட காலோடு பேருந்து ஏறினார். சாயங்காலம் திரும்பி வந்து, "வருவா" என்று மட்டும் சொன்னார்.

அத்தை வரவில்லை. நலங்குக்கு ஒலிநாடா போட்டார்கள். பாதியில் நாடா சிக்கியது. கும்மியை யாரும் தொடங்கவே இல்லை. முதல் தட்டு தட்டத் தெரிந்தவள் வராத கல்யாணம் அது. அப்பா அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. அடுத்த மூன்று வருடம் அண்ணனும் தங்கையும் பார்த்துக்கொள்ளவும் இல்லை.

அப்பா ஒரு விடியற்காலையில் போனார். துக்கத்திலும் என் கை பழக்கத்தை விடவில்லை. அத்தைக்குத் தந்தி வாசகம் எழுத உட்கார்ந்தேன். அம்மா எட்டிப் பார்த்தாள்.

"இதுக்குமா தபாலு?"

பேனாவை மூடிவிட்டு, சேதி சொல்ல ஆள் அனுப்பினேன். ஆள் போனதிலிருந்து அம்மா அழுவதைக்கூட நிறுத்திவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவ வரணும்டா. கூடப் பொறந்தவ அழாம உங்கப்பா போகக் கூடாது." அன்று எங்களுக்கு வேறு கவலையே இல்லை. உச்சிப் பொழுது ஆயிற்று. பறைக்காரர்கள் வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அந்தப் புகைக்கு நடுவே, தெருமுனையில், அத்தை தனியாக இறங்கி வருவது தெரிந்தது.

வழக்கப்படி பறைக்காரர்கள் அவளை எதிர்கொண்டு அழைத்துவரப் போனார்கள். பந்தல் கால் வரைக்கும் வந்து நின்றாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வந்துட்டேன்னு கைநாட்டு வைக்கணுமா தம்பி?"

பறை ஓய்ந்தது. அவள் உள்ளே போய் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.  அப்புறம் அந்தத் தொண்டை திறந்தது.

*தட்டேந்தி வந்தழைச்சா தடையில்லாம வந்திருப்பேன்*
*தபால்ல போட்டழைச்சே, என் அண்ணா!*
*கையெழுத்து அறியாத கைநாட்டுத் தங்கச்சிய*
*ரசீது கேட்டழைச்சே!*

சுற்றியிருந்த பெண்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு கூடவே அரற்றினார்கள். பாட்டில் முழு விவரமும் வந்தது. பதிவுத் தபால் என்றதும் அண்ணன் கோர்ட்டு நோட்டீஸ் விட்டுவிட்டான் என்று அவள் தெருவில் விழுந்து புரண்டது, ஜவுளிக்கடை பாய் பிரித்துப் பார்த்து, "அக்கா, கல்யாணப் பத்திரிகைக்கா அழுவுறீங்க?" என்று கேட்டது, அதைக் கேட்டுத் தெருவே சிரித்தது. அப்புறம் இது வந்தது.

*வீங்கின காலோட வெயில்ல வந்து நின்னே*
*நான்தான் போட்டேன்னு நாக்கூசாம சொன்னியே!*
*வேத்தாளா நானுனக்கு, என் அண்ணா!*
*வீம்புல கதவடைச்சேன்!*

 அப்பா அன்றைக்கு அந்த வாசலில் நின்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறார். மூன்று வருடம் அதை இறக்கி வைக்கவும் இல்லை. இப்போது ஊர் கூடிய இடத்தில், பதில் சொல்ல முடியாமல் படுத்திருக்கிறார். வாசலில் என் மேலதிகாரி மாலையோடு நின்றுகொண்டிருந்தார். ஒப்பாரிக்கு இடையில் ஆண்பிள்ளை போய்ப் பேசும் வழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை. நான் போனேன்.

"அத்தே, அப்பா போடல. நான் போட்டேன். நேர்ல போகத்தான் சொன்னாங்க. நான்தான்..."

அவள் வாய் அப்படியே நின்றது. அந்தக் கதவு அவள் கண்ணுக்குள் இன்னொரு தடவை சாத்திக்கொண்டதைப் பார்த்தேன். சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. என் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். அடித்த கையாலேயே இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டு, பாட்டை முதலிலிருந்து தொடங்கினாள். இந்த முறை திருத்தத்தோடு.

*படிச்ச புள்ள செஞ்ச பிழை*
*பழிய நீ சுமந்தியே, என் அண்ணா!*
*பாவி நான் அறியலியே!*

இத்தனை ஆண்டு வேலையில் என்மீது எழுதப்பட்ட ஒரே நேர்மையான குறிப்பு அதுதான்.

பெண்கள் தெருமுனை வரைக்கும்தான் வருவார்கள். பாடையை அங்கே இறக்கியபோது அத்தை பறைக்காரர்களிடம் போனாள்.

"கும்மிக்கு அடிங்க."

அவர்களில் மூத்தவர் தயங்கினார். "எழவுக்கு அந்த அடி இல்லீங்களே ஆத்தா."

"இவன் கல்யாணத்துக்கு வராதவ கேக்குறேன். அடிங்க."

அடித்தார்கள். இடுப்பில் குழந்தையோடு நின்ற என் மனைவியை அத்தை அப்போதுதான் முதல்முதலாகப் பார்த்தாள். "வாடி, உன் நலங்குக்கு நான் வரல" என்று கையைப் பிடித்து இழுத்தாள். இருவரும் பாடையைச் சுற்றினார்கள். அழுதுகொண்டே, குனிந்து, நிமிர்ந்து, கை தட்டி, மூன்று சுற்று. மற்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். குழந்தைக்கு மட்டும் அழத் தெரியவில்லை. அது சிரித்தபடி கை தட்டியது. மேலதிகாரி என்ன நினைப்பார் என்று நான் நினைத்தேன். பிறகு திரும்பிப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

சில வருடங்களுக்கு முன் அத்தை போனாள். சேதி வாட்ஸ்அப்பில் வந்தது; இரண்டு நீலக் குறிகள் விழுந்தன. ஒப்புகை அட்டை இப்போது அப்படி ஆகிவிட்டது. கிடைத்த முதல் பேருந்தில் போனேன். கண்ணாடிப் பெட்டி, ஒலிபெருக்கி, முன்னால் நாற்காலிகள். மகள்கள் இரண்டு பேரும் பெட்டியின் விளிம்பைப் பிடித்தபடி சத்தமில்லாமல் அழுதார்கள். அவர்களுக்குப் பாடத் தெரியாது. "அம்மாதான் எல்லாருக்கும் பாடுவாங்க. நாங்க எதுக்குக் கத்துக்கணும்னு இருந்துட்டோம்" என்றாள் மூத்தவள்.

பெட்டிக்காரரிடம் பாட்டை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினார். நாற்காலிகள் எல்லாம் என்னைப் பார்த்தன. எனக்கு மெட்டு வரவில்லை. கண்ணாடிமேல் கையை வைத்து, "அத்தே, நேர்ல வந்திருக்கேன்" என்றேன். கூடவே எடுத்துப் பாட அங்கே ஒரு குரல் இல்லை. பெட்டியின் இயந்திரம் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

பெட்டிக்காரர் மெதுவாக அருகில் வந்தார். "நீங்க அவங்களுக்கு என்ன வேணும் சார்?"

"அத்தை. அத்தைக்கு ஏதும் பாட்டு இருக்கா?"

அவர் பொறுமையாக ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தார்.

"அம்மா இருக்கு, அப்பா இருக்கு, அண்ணன்கூட இருக்கு சார். அத்தைக்கு இல்லீங்களே."