கச்சேரியில் பேசிய தமிழ்

பிரபலமானவர்களைப் போலப் பேசிக் காட்டுவது பெரிய வித்தை என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். வித்தையாவது ஒன்றாவது! என் தம்பி செய்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான். சினிமாக் கதாநாயகனுக்கு ஒரு துண்டு போதும். அதை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு வீசிவிட்டு, கழுத்தைச் சாய்த்து, மூச்சை இழுத்துப் பிடித்து வசனத்தைக் கொட்ட வேண்டும். வானொலி அறிவிப்பாளருக்கு ஒரு கை காதில் இருக்க வேண்டும், எல்லாச் சொல்லையும் தடவிக் கொடுத்துச் சொல்ல வேண்டும். மேடைத் தலைவருக்கு முதலில் ஓர் இருமல், அப்புறம் "தாய்மார்களே!" பாதிப் பேர் அந்த இருமலுக்கே சிரித்துவிடுவார்கள். தோட்டத்துப் பெரிய துரை எல்லாரையும்விடச் சுலபம். இடுப்பில் இரண்டு கை, வாயில் பைப்புக்குப் பதிலாக ஒரு தேயிலைக் குச்சி, கிழவன் கிழவி எல்லாருக்கும் சேர்த்து ஒரே 'நீ'.

இலங்கை மலைநாட்டில், தலவாக்கலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கல்யாணம், காதுகுத்து, சடங்கு எது நடந்தாலும் தம்பிக்கு ஆள் வந்துவிடும். பந்தி முடிந்து பாய் விரித்ததும், "எங்கடா அவன், கூப்பிடு!" என்பார்கள். கொழுந்து எடுத்துவிட்டு வந்த பெண்கள் மழையில் நனைந்த கம்பளியோடு வாசலில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அம்மா மட்டும் முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள். பெருமை வெளியே தெரிந்தால் கண் பட்டுவிடும் என்று அவளுக்குப் பயம்.

இத்தனை குரல் வைத்திருந்தவனுக்குச் சொந்தக் குரல் எழும்பாது. இதை யாரும் நம்பமாட்டார்கள். வேலையை மேற்பார்க்கிற கங்காணியிடம் ஒரு நாள் லீவு கேட்பதற்குக்கூடத் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பான். வாயைத் திறந்தால் பாதிச் சொல் உள்ளேயே நின்றுவிடும். "நீ கேளுக்கா" என்று என்னைத்தான் முன்னே தள்ளுவான். அப்பா இறந்த பிறகு எங்கள் வீட்டில் ஆம்பளைப் பேச்சு பேசினவள் நான்தான். எனக்குக் கல்யாணமாகி பஜாருக்குக் குடிபோன பிறகு தோட்டத்து வரிசை வீடான லயத்துக் காம்பராவில் அம்மாவும் அவனும் மட்டும் இருந்தார்கள்.

இலங்கைக்குச் சுதந்திரம் வந்த கையோடு, பாட்டன் காலத்தில் இந்தியாவிலிருந்து வந்த எங்களை இந்த நாட்டு ஆட்களே இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். அப்புறம், விண்ணப்பம் போடுங்கள், விசாரித்துப் பிரஜாவுரிமை தருகிறோம் என்றார்கள். பிறந்த வீட்டில் குடியிருக்க மனுப் போடுகிற பிழைப்பு! எனக்குப் புருஷன் வழியில் கிடைத்துவிட்டது. தம்பியின் விசாரணை வர வருஷக்கணக்காயிற்று. கிடைக்காவிட்டால் தோட்டத்துக்கு வெளியே அவனுக்கு வேலையே கிடையாது. தோட்டமும் கைவிட்டால் இந்தியாவுக்குக் கப்பல்தான். அம்மாவுக்கு அவன் ஒரே மகன். விசாரணைக் கடிதம் வந்த நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் பக்கத்தில் மாவட்ட அரசாங்கக் காரியாலயத்துக்குக் கச்சேரி என்று பெயர். "நுவரெலியா கச்சேரியில ஒன் கச்சேரியாடா?" என்று கூட்டாளிகள் கேலி செய்தார்கள். தோட்டத்துக் கிளாக்கர் ஐயாவும் தன் பங்குக்கு அவனைக் கூப்பிட்டுப் புத்தி சொன்னார். "அங்க போயி லயத்துப் பேச்சு பேசிக்கிட்டு நிக்காத. திருத்தமா பேசு. அப்பத்தான் மனுசனா மதிப்பாங்க." அந்த மனிதர் நன்றாக இருக்கட்டும், வேறு என்ன சொல்ல.

சாட்சிக்கு நான் கூடப் போனேன். விசாரித்த அதிகாரி சிங்களவர். மரியாதையான மனிதர், தம்பியை உட்காரச் சொன்னார். பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழர் இருந்தார், யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணாடியும் பேனாவுமாக இருந்த அவரைப் பார்த்ததும் நம் ஆள் ஒருவர் இருக்கிறார் என்று எனக்கு ஒரு தைரியம். முதல் கேள்வி, எங்கே பிறந்தாய் என்பது.

தம்பி தரையைப் பார்த்தான். அதிகாரி காத்திருந்தார். அப்போது அவன் கழுத்து கதாநாயகனைப் போல மெல்லச் சாய்வதைப் பார்த்தேன்.

"ஐயா! நான் பிறந்தது இந்த மலையில்! நடை பழகியது இந்தத் தேயிலைக்கு நடுவில்! என் தந்தையைப் புதைத்த மண்ணைவிட்டு எங்கே போவேன் நான்?"

அறையே எதிரொலித்தது. சொன்னது அத்தனையும் சத்தியம். குரல் மட்டும் அவனுடையது இல்லை.

மொழிபெயர்ப்பாளர் பேனாவைக் கீழே வைத்தார். "உந்தத் தமிழ் எங்க பழகினனீர்?"

தம்பி அதைப் பாராட்டு என்று நினைத்துவிட்டான். முகம் மலர்ந்து, "திரைப்படங்களில், ஐயா" என்றான்.

அவர் அதிகாரியின் பக்கம் திரும்பிச் சிங்களத்தில் சொன்னது, பஜாரில் அந்தப் பாஷை பழகிய எனக்கு நன்றாகவே விளங்கியது. தோட்டத்து ஆட்கள் இப்படிப் பேசமாட்டார்கள், இது இந்தியாவில் பேசுகிற தமிழ், இவன் அங்கே வளர்ந்து வந்தவன். அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். எந்த வருஷம் வந்தாய், எந்தக் கள்ளத் தோணியில் வந்தாய் என்று கேட்கச் சொன்னார்.

தோணி என்றதும் தம்பி இரண்டு கையையும் கூப்பிவிட்டான். சாய்ந்த கழுத்து, வசனம் எல்லாம் போய், அவன் சொந்தப் பேச்சு அப்போதுதான் வெளியே வந்தது. "இல்லீங்கய்யா, நா இங்கதாங்க பொறந்தேன். கீழ் லயத்துலங்க. எங்கப்பா தேயிலச் செடியில கவ்வாத்து வெட்டுனவருங்க. சாமி சத்தியமாங்க."

மொழிபெயர்ப்பாளர் சிரித்தார். "பாருங்கோவன், இப்ப தோட்டத்து ஆள் மாதிரி நடிக்கிறார்!" அதையே அதிகாரிக்கும் சிங்களத்தில் சொன்னார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "ஐயா, இதுதாங்க அவன் பேச்சு! முன்ன பேசுனதுதாங்க நடிப்பு!" என்று கத்தினேன்.

"நீர் கதையாதையும். உம்மைக் கேக்கேல்லை" என்று மொழிபெயர்ப்பாளர் என் வாயை அடக்கினார்.

தம்பி அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். சொல்லச் சொல்ல அது நிஜமாகவே நடிப்பு மாதிரி ஆகிக்கொண்டு வந்தது. எனக்கே அப்படித் தோன்றியது என்றால் அவர்களைச் சொல்லி என்ன? நாங்கள் எழுந்து போகும்போது அதிகாரி அவன் தோளைத் தட்டி, நல்ல நடிகன் என்றார். சில மாதம் கழித்து, பிரஜாவுரிமை இல்லை என்று பதில் வந்தது.

அதற்குப் பிறகு அவன் யாரைப் போலவும் பேசிக் காட்டவில்லை. ஒரு கல்யாண வீட்டில் வலுக்கட்டாயமாக இழுத்து நடுவில் விட்டு, கையில் துண்டைக் கொடுத்தார்கள். அதை மடித்துப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு வெளியே போனான். "ரொம்பத்தான் கிராக்கி பண்றான்" என்றார்கள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அப்படி இருந்தது இன்றைக்கும் எனக்கு எரிகிறது.

சில வருஷத்தில் தோட்டத்தில் ஆள் குறைத்தார்கள். அவன் பெயர் முதலில் போயிற்று. வேறு வழியில்லாமல் இந்தியப் பாஸ்போர்ட் எடுத்தான். "நீ போயி ஒரு எடம் பாத்து வையிப்பா, நா அப்புறமா வர்றேன்" என்று அம்மா சொன்னாள். அந்த வயதில் அவள் வருவதற்கில்லை என்று மூன்று பேருக்குமே தெரியும். கப்பல் பிடிக்கத் தலைமன்னாருக்குப் போகிற ரயிலில், எங்கள் பேச்சில் கோச்சியில், ஏறும்போது "வர்றேங்க்கா" என்றான், அவ்வளவுதான். அம்மாவை நான் என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், அடுப்பில் இருப்பதை விட்டுவிட்டு எட்டிப் பார்ப்பாள்.

பஜாரில் துணிக்கடை வைத்திருந்தவர் சரக்கு எடுக்க இந்தியாவுக்குப் போய்வருகிறவர். ஒரு தடவை திரும்பி வந்ததும், திருச்சிப் பக்கம் தம்பியைப் பார்த்ததாகச் சொல்ல வீட்டுக்கு வந்தார். செங்கல் சூளையில் வேலையாம், மெலிந்திருக்கிறானாம். அதோடு நிறுத்தியிருக்கலாம். எங்களைச் சிரிக்க வைக்க வேண்டும் என்று அவருக்கு ஒரு நல்லெண்ணம்.

"ஒரு வேடிக்கையைக் கேளுங்க தங்கச்சி. அந்த ஊர்ல ஒங்க தம்பிக்குப் பேரு சிலோன்காரன். ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தேன். அங்க ஒரு பய, கழுத்துல மப்ளரச் சுத்திக்கிட்டு ஒங்க தம்பி மாதிரியே பேசிக் காட்டுறான். சனமெல்லாம் விழுந்து விழுந்து சிரிக்குது!"

கடைக்காரருக்கும் அந்த வரம் கொஞ்சம் இருந்தது போலிருக்கிறது. தோளைக் குறுக்கி, தரையைப் பார்த்துக்கொண்டு, பாதிச் சொல்லை விழுங்கிப் பேசினார். "அம்மா... கோச்சி வர சொணங்கிருச்சும்மா. கொஞ்சம் தேத்தண்ணி ஊத்துறியா?"

உள்ளே பாத்திரம் விழுந்தது. அம்மா ஈரக் கையோடு ஓடிவந்தாள். "வந்துட்டியாப்பா?" என்று கேட்டுக்கொண்டே வந்தவள் அவரைப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் வாசலைப் பார்த்தாள். அவர் எழுந்து நின்றுவிட்டார், பாவம், முகம் கறுத்துப் போயிற்று. "மன்னிச்சுக்கங்கம்மா, நான் சும்மா..."

அம்மா அழவில்லை. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"இன்னொரு தடவ பேசுங்க தம்பி" என்றாள்.