மூட்டைக் கோடு

அந்தக் கல்லுக்குக் கடைசியாக வெள்ளையடித்தது நான்தான். மார்பளவு உயரமுள்ள கருங்கல். பாபநாசத்திலிருந்து வடக்கே போனால் கொள்ளிடக் கரை வரும். கரையிலிருந்து ஆற்றுக்குள் இறங்கும் வண்டிப்பாதையின் ஓரத்தில் அது நின்றது. மேலே ஒரு கோடு, அதன் தலைமாட்டில் 'வெள்ளம் வந்த அளவு' என்று செதுக்கிய எழுத்து. எந்தக் காலத்து வெள்ளமோ, வருஷம் தேய்ந்துபோயிருந்தது. வெள்ளையடித்து, எழுத்துக்கு நானே தூரிகை பிடித்துக் கறுப்புத் தீட்டி, நாலடி தள்ளி நின்று அழகு பார்த்தேன். செய்ய வேண்டிய வேலையைச் செய்யாமல் விட்டவன் பெயிண்டில் மட்டும் அத்தனை கவனமாக இருந்ததை இன்று நினைத்தால் எனக்கே என்மீது கோபம் வருகிறது.

அப்போது நான் அங்கே மணல் குவாரியில் சூப்பர்வைசர். டிப்ளமோ முடித்த கையோடு கிடைத்த வேலை. சட்டைப் பையில் இரண்டு பேனா, எல்லாம் தெரியும் என்கிற நினைப்பு. கரைக்கும் ஆற்றுக்கும் நடுவில் இருந்த படுகை நிலத்தில் ஒரு தெரு இருந்தது. ஒரு காலத்தில் பண்ணைகளில் கூலி வேலை பார்த்த குடும்பங்கள். பிறகு மாட்டுவண்டியில் மணல் அள்ளி, குவாரி வந்த பிறகு லாரிக்கு லோடு ஏற்றிப் பிழைத்தார்கள். ஆற்றங்கரையையும் மதகுகளையும் பார்த்துக்கொள்ளும் லஸ்கர் அந்தத் தெருக்காரர்தான். அரசாங்கக் காக்கிச் சட்டையைத் தோளில் போட்டிருப்பாரே தவிர, அவர் அதை மாட்டிக்கொண்டு நான் பார்த்ததில்லை. என்னைவிட இருபது வயதாவது மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார்.

அந்தக் கல்லில் முழங்கால் உயரத்தில் இன்னொரு கோடும் உண்டு. அது தெருக்காரர்களே உளி வைத்து வெட்டிக்கொண்டது. அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் மூட்டைக் கோடு. ஆற்றில் தண்ணீர் ஏறிப் படுகைக்குள் வந்தால் லஸ்கர் கல்லருகே போய் நிற்பார். தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டதும் விசிலை ஊதிக்கொண்டு வீடு வீடாகப் போவார். உடனே மூட்டை கட்டி, ஆடு மாட்டை அவிழ்த்துக்கொண்டு, கரைமேல் இருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும். கோட்டைத் தொட்ட தண்ணீர் தெருவின் தாழ்ந்த வீட்டு வாசலுக்கு வர இன்னும் ஒரு முழம் ஏற வேண்டும். அந்த ஒரு முழம்தான் அவர்களுக்குக் கிடைக்கும் அவகாசம். இதையெல்லாம் எனக்கு விளக்கிச் சொன்னவரும் அவர்தான். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

லாரிகள் திரும்பும்போது கல் இடைஞ்சலாக இருந்தது. இரண்டு முறை பின்பக்கம் இடித்துச் சாய்ந்தும்விட்டது. பத்தடி தள்ளி நட்டுவிடு என்று முதலாளி போனில் சொன்னார். லஸ்கர் அன்று வாய்க்கால் திறக்க மேற்கே போயிருந்தார். பொக்லைனை விட்டுக் கல்லைப் பிடுங்கினோம். புதிதாக நட வேண்டிய இடம் லாரிக்காக இடிகல் கொட்டி மேடாக்கிய பாதையின் ஓரம். பழைய மட்டத்துக்கே கோடு வர வேண்டுமானால் நன்றாக ஆழமாகத் தோண்ட வேண்டும். பாதி தோண்டியதுமே கீழே கெட்டிக் கல் தட்டியது. பின்னால் லாரிகள் வரிசையாக நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் பிடித்துப் பழைய இடத்தையும் புது இடத்தையும் மட்டம் பார்த்திருந்தால் எவ்வளவு ஆழம் குறைகிறது என்று தெரிந்துபோயிருக்கும். எந்தக் கொத்தனாரும் கால் மணி நேரத்தில் செய்யும் வேலை. நான் செய்யவில்லை. கண்ணால் பார்த்தபோதே கல் இன்னும் ஒரு முழத்துக்கு மேல் இறங்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. மணல் அள்ளி அள்ளி ஆறே பள்ளமாகிவிட்டது, இனிமேல் படுகைக்கு எங்கே வெள்ளம் வரப்போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, போதும் மூடுங்கள் என்றேன். அன்று சாயங்காலமே வெள்ளையும் அடித்தாகிவிட்டது.

மறுநாள் லஸ்கர் வந்தார். "அடடா, புது மாப்புள கணக்கா நிக்குதே தம்பி" என்று கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தார். மூட்டைக் கோட்டின் மேல் விரலை வைத்து ஓட்டிப் பார்த்துவிட்டு, "மட்டம் பாத்துத்தானே நட்டீங்க?" என்று கேட்டார். என் காதில் போன் இருந்தது. "அதெல்லாம் பாத்தாச்சுண்ணே" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். படித்த பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிற மனிதர் அவர். சொன்னவன் நான் என்பதால் அவர் அளந்து பார்க்கவில்லை.

அடுத்த ஆடியில் மேலணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். காலையிலேயே ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ கரைமேல் சொல்லிக்கொண்டு போனது. நான் பொக்லைனையும் லாரிகளையும் மேலே ஏற்றும் பரபரப்பில் இருந்தேன். இயந்திரங்களுக்கு நான் காட்டிய அக்கறையை என்னவென்று சொல்வது. லஸ்கர் கல்லருகே முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தார். கோட்டுக்கு நாலு விரல் கீழே தண்ணீர். தெருவிலிருந்து வந்து கேட்டவர்களிடம், "இன்னும் கோட்டத் தொடல. சோத்த வடிச்சு புள்ளைங்களுக்குக் குடுத்துட்டு நிதானமா கெளம்புங்க" என்று அவர் சொன்னதை என் காதால் கேட்டேன். அப்போதாவது ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லலாமா என்று நினைத்தேன், லாரி ஒன்று சேற்றில் சிக்கியது, அங்கே ஓடினேன்.

தண்ணீர் கோட்டைத் தொடவே இல்லை. அதற்கு முன்பே கொல்லைப் பக்கமாகத் தெருவுக்குள் புகுந்துவிட்டது. கட்டிப்போட்ட ஆடுகள் கத்திக்கொண்டே மூழ்கிப்போயின. கடைசி வீட்டில் பக்கவாதம் வந்து படுத்திருந்த பெரியவரைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். நடுவழியில் ஒருவர் கால் வழுக்கக் கட்டில் சாய்ந்து, பெரியவர் தண்ணீரில் விழுந்துவிட்டார். உடனே தூக்கிவிட்டார்கள். ஆனால் பள்ளிக்கூடத்தில் காய்ச்சல் கண்டு, நான்காம் நாள் அவர் போய்விட்டார். "லஸ்கருக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சா? கல்லுகிட்டயே நின்னுக்கிட்டு என்னத்தப் பாத்தாரு?" என்று புதைத்த அன்று பெரியவரின் மகன் எல்லோர் முன்னாலும் கத்தினார். நான் லஸ்கருக்குப் பக்கத்தில்தான் நின்றேன். கூட்டம் கலைந்த பிறகு அவர் என்னிடம், "நான்தான் சரியா பாக்கல போலருக்கு தம்பி. எத்தன வருசமா பாக்குற கோடு. எப்புடித் தவறுச்சுன்னே தெரியல" என்றார். "விடுங்கண்ணே" என்றேன். அந்த வருஷமே குவாரியை மூடினார்கள். நான் ஒரத்தநாட்டுப் பக்கம் கட்டட வேலைக்குப் போய்விட்டேன்.

போன மாதம் பாபநாசத்தில் ஒரு கல்யாணம். சாப்பிட்டுவிட்டு ஊருக்குத் திரும்பாமல் கொள்ளிடக் கரைக்குப் பஸ் ஏறினேன். இத்தனை வருஷம் கழித்து அன்றைக்கு மட்டும் தைரியம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. லஸ்கர் ஓய்வு பெற்று வீட்டில் இருந்தார். கண்ணில் தடித்த கண்ணாடி. "அந்த வெள்ளத்துக்கு அப்புறம் கண்ணு மேல நம்பிக்கையே இல்ல தம்பி, மூணு ஆஸ்பத்திரி பாத்துட்டேன், எல்லாரும் நல்லாத்தான் இருக்குன்னானுவோ, இப்பதான் வயசுக்குக் கண்ணாடி போட்டானுவோ" என்று சிரித்தார். அவர் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, "இந்தத் தெருவுல இவர ஒரு விசேஷத்துக்கு வாங்கன்னு கூப்புட ஆள் இல்ல. நீங்களாச்சும் தேடி வந்தீங்களே" என்றார். காப்பியைத் தொட எனக்குக் கை வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன், அழுவார் என்றும் நினைத்தேன். அவர் உள்ளே போன மனைவியைக் கூப்பிட்டார். "இங்க வா. தம்பி, மறுபடி சொல்லுங்க." சொன்னேன். அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். லஸ்கர் சட்டையை மாட்டினார். "வாங்க" என்று தெருவில் இறங்கினார். ஒருமுறை சொன்னால் என் பாரம் தீர்ந்துவிடும், ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டு வந்தவன் நான். அவர் முதல் வீட்டு வாசலில் நின்று, "தம்பி ஒண்ணு சொல்லணும்னு வந்திருக்காரு" என்றார். அங்கே நான், "கல்ல நட்டப்போ மட்டம் கொஞ்சம் பிசகிடுச்சு" என்று ஆரம்பித்தேன். லஸ்கர் குரலை உயர்த்தவே இல்லை. "பிசகல தம்பி. நீங்க பாக்கல. பாத்தேன்னு சொன்னீங்க. அதையும் சொல்லுங்க" என்றார். அதையும் சொன்னேன். அடுத்த வீடு. அதற்கடுத்த வீடு. சிலர் திட்டினார்கள், ஒரு பெண் தன் ஆடுகளை ஒவ்வொன்றாகச் சொல்லி அழுதாள். ஒவ்வொரு வாசலிலும் சொல்வது லேசாகும் என்று பார்த்தேன், ஆகவில்லை.

கடைசி வீடு, கட்டிலில் கிடந்த பெரியவரின் வீடு. மகனுக்கும் இப்போது தலை நரைத்துவிட்டது. லஸ்கரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். லஸ்கர் என்னைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். மகன் கேட்டார்:

"மட்டம் சரியில்லன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"நட்டப்பவே தெரியும்."

"எங்கப்பாவப் பொதச்ச அன்னிக்கு இவர நான் கேட்டேனே, அப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

மகன் படியிறங்கி வந்து லஸ்கரின் கையைப் பிடித்தார். "உள்ள வாங்கண்ணே" என்றார். லஸ்கர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தலையைக் குனிந்து அந்த வீட்டுக்குள் போனார். உள்ளே யாரோ அவருக்கு நாற்காலி இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. என்னை வா என்றும் யாரும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஐந்து மணி பஸ் கரைமேல் போவது தெரிந்தது. நான் அந்த வாசலிலேயே நின்றிருந்தேன்.