கரையில் இறக்கிவிடப்பட்டவர்கள்

தஹித்தித் தீவில் அரசாங்கக் கருவூலத்தில் நான் வேலை பார்த்தபோது, மதிய வேளையில் அலுவலகம் முழுவதும் வீட்டுக்குப் போய்த் தூங்கும். நான் பக்கத்துக் கட்டடத்தில் இருந்த நூலகத்துக்குப் போவேன். அந்தத் தீவுகளுக்கு முதன்முதலாக வந்திறங்கிய பாதிரிமார் எழுதி வைத்துவிட்டுப் போனதையெல்லாம் அங்கேதான் படித்தேன். பக்தி காரணமில்லை. நூலகத்தில் மின்விசிறி இருந்தது.

அந்த மின்விசிறிக் காற்றின் பலனை எண்பதுகளின் நடுவில், பாரிசில், லா ஷப்பேல் வட்டாரத்தில் அனுபவித்தேன்.

ஓய்வு பெற்று அங்கே குடிவந்திருந்தேன். நான் புதுச்சேரிக்காரன், பிறப்பால் பிரெஞ்சுக் குடிமகன். தங்கும் அனுமதி கொடுக்கும் அரசு அலுவலகமான ப்ரிஃபெக்சூரில் எந்தக் கதவுக்கு எந்தத் தாளை எடுத்துக்கொண்டு போக வேண்டும், எந்த அம்மாள் எந்தக் கிழமையில் எரிந்து விழுவாள் என்பதெல்லாம் தெரிந்தவன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த இளைஞர்கள் விண்ணப்பங்களோடு என் வீட்டுப் படியேறுவார்கள். அவர்களில் ஒருவர் ரூ காய் தெருவுக்குப் பின்னால் ஒரு சிறு மண்டபத்தில் ஞாயிறுதோறும் ஜெபக் கூட்டம் நடத்திவந்தார். முப்பது வயதிருக்கும். மற்ற நாட்களில் உணவகத்தில் கோப்பை கழுவுவார். ஊழியர் என்று அவரை அழைப்பார்கள். கூட்டத்துக்குப் பொறுப்பானவர் ஒரு பிரெஞ்சுப் பாஸ்டர், வயதானவர், நல்லவர். அவர் பேசுவதைத் தமிழில் சொல்வது என் வேலை. நான் கத்தோலிக்கன். அதை அவர் பெருந்தன்மையோடு மன்னித்திருந்தார்.

சிக்கல் பாரிசின் புறநகரான திரான்சியில் தொடங்கியது. அங்கே ஓர் அடுக்குமாடியில் அண்ணன் தம்பி இருவர் குடியிருந்தார்கள். தம்பி ஜெபக் கூட்டத்துக்கு வரத் தொடங்கியிருந்தான். விக்கிரகத்தை வீட்டில் வைத்துக்கொண்டு ஜெபிப்பதில் பயனில்லை என்று ஊழியர் ஒரு நாள் பிரசங்கித்தார். தம்பி அன்றைக்கே வீட்டுக்குப் போய்ப் பிள்ளையார் படத்தைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டான். தமையன் பெர்லின் வழியாக எல்லை கடந்தபோது சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்த படம் அது. மீன் தலைகளுக்கு அடியிலிருந்து அதை எடுத்தான், கழுவினான், பழைய ஆணியிலேயே மாட்டினான். பிறகு ரூ காயில் தமிழ்க் கடை ஒன்றில் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனான்: “வேதக்காரன் எவனும் என்ரை படியிலை கால் வைச்சால், வைச்ச கால் திரும்பாது.”

இதைக் கேள்விப்பட்டதும் பாஸ்டருக்கு உற்சாகமாகிவிட்டது. எங்கே எதிர்ப்போ அங்கேதான் போக வேண்டும் என்றார். தம்பியே அழைத்திருக்கிறான், இரண்டு வாரம் கழித்து ஞாயிறு ஜெபம் அந்த வீட்டில், ஊழியர் போய் நடத்துவார் என்று தீர்மானித்தார். ஊழியர் தலையசைத்தார்.

நான் பாஸ்டரைத் தனியாகப் பிடித்தேன். ஊழியரின் அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வரவில்லை. கையில் இருப்பது மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் தற்காலிகச் சீட்டான ரெசெப்பிசே மட்டும். அடி வாங்கினால் போலீசுக்குப் போகப் பயப்படுவார். திருப்பி அடித்தால் போலீஸ் அவரிடம் வரும். இதைச் சொன்னதற்கு, ஜெபம் காக்கும் என்றார் பாஸ்டர். ப்ரிஃபெக்சூர் கேட்கும் ஆவணங்களில் அந்த இனத்தை நான் பார்த்ததில்லை.

அதற்கு முந்திய ஞாயிறு, ஊழியருக்குத் தைரியம் வரும்படி தீவுகளின் முதல் பாதிரிமாரைப் பற்றி என்னைப் பேசச் சொன்னார் பாஸ்டர். எனக்குத் தெரிந்ததை நான் பேசினேன்.

முதல் கப்பலில் வந்தவர்களில் பாதிரிப் பட்டம் பெற்றவர்கள் சிலர்தான் என்றேன். மற்றவர்கள் தச்சர், கொத்தனார், தையல்காரர், நெசவாளி. லண்டனில் வழியனுப்பியபோது பாட்டுப் பாடினார்கள். கரையில் அவர்களை வரவேற்ற தலைவனுக்குப் பாட்டில் அக்கறையில்லை, துப்பாக்கியில் இருந்தது. வீடு கொடுத்தான். அந்த வீடும் நிலமும் தங்களுக்கே என்று இவர்கள் நினைத்துக்கொண்டார்கள். இவர்களும் இவர்களுடைய சாமான்களும் தனக்கே என்று அவன் நினைத்துக்கொண்டான். சிலருடைய உடம்பில் இருந்த துணியைக்கூட உருவிக்கொண்டார்கள். கிடைத்த முதல் கப்பலில் பாதிக்கு மேற்பட்டவர்கள் சிட்னிக்கு ஓடினார்கள். ஒருவர் ஊர்ப் பெண்ணோடு குடும்பம் நடத்தப் போனார், சபை அவரை விலக்கியது. மிச்சமிருந்தவர்கள் மொழி கற்றார்கள், மனைவிகளைப் புதைத்தார்கள், காய்ச்சலில் கிடந்துகொண்டே ஜெபக் கூட்டம் நடத்தினார்கள். பல வருடங்களுக்கு ஒருவனும் மனம் திரும்பவில்லை.

பிறகு எப்படித் திரும்பினார்கள் என்று முன் வரிசையில் ஒருவர் கேட்டார்.

“ஒரு ஆமையால,” என்றேன். அந்த ஊரில் கடலாமை தெய்வத்தின் உணவு. கல்மேடைக் கோயிலில் முதல் பங்கைப் படைக்காமல் தின்றவன் செத்துப்போவான் என்பது நம்பிக்கை. போரில் தோற்று, தெய்வங்கள் கைவிட்ட கோபத்தில் இருந்த தலைவன், ஆமையைச் சமைக்கச் சொல்லிப் படையல் போடாமல் எல்லோர் முன்னாலும் கடித்தான். சுற்றியிருந்தவர்கள் அவன் வயிறு வீங்கக் காத்திருந்தார்கள். வீங்கவில்லை. கொத்தனார்களும் தச்சர்களும் அத்தனை வருடம் பேசிச் சாதிக்காததை ஒரு வாய் ஆமைக்கறி சாதித்தது.

நான் பிரெஞ்சிலும் சொல்லக் கேட்டு பாஸ்டருக்கு மகிழ்ச்சி. நான் அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் மற்ற தீவுகளுக்கு வேதம் போன கதை மீதியிருந்தது. புதுத் தீவு ஒன்று தென்பட்டால் வெள்ளைக்காரப் பாதிரியார் பெரும்பாலும் கப்பலிலேயே நிற்பார். மனம் திரும்பிய தீவுக்காரன் ஒருவனை, சில சமயம் அவன் மனைவியோடு, முதலில் இறக்கிவிடுவார்கள். புத்தகத்தைத் தலையில் கட்டிக்கொண்டு நீந்திக் கரையேறியவனும் உண்டு. மேற்குத் தீவுகளில் சிலரைக் காய்ச்சல் கொன்றது, சிலரை ஊர்க்காரர்கள் கொன்றார்கள்.

பின்வரிசையிலிருந்து ஊழியரின் மனைவி எழுந்தாள். கூட்டத்தில் அதுவரை அவள் வாய் திறந்து நான் கேட்டதில்லை.

“அப்ப கப்பல் அங்கையே நிக்குமோ, ஐயா?”

“இல்லம்மா. போயிடும்.”

“திரும்பி எப்ப வரும்?”

“அடுத்த வருஷம். சில சமயம் அதுக்கும் மேல. உயிரோட இருக்காங்களான்னு பாக்க வரும்.”

ஊழியர் திரும்பி, “இஞ்சை, இரும் பேசாமல்,” என்றார்.

“நான் ஐயாவோடதான் கதைக்கிறன். ஐயா, பாஸ்ரரைக் கேளுங்கோ. இவரைத் திரான்சியிலை இறக்கிப்போட்டு அவர் எங்கை நிக்கப்போறாரெண்டு.”

மொழிபெயர்ப்பாளன் எதையும் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்பது விதி. நான் விதியை மீறவில்லை. பாஸ்டரின் முகம் கழுத்துவரை சிவந்தது. “நானும் போகிறேன்,” என்றார் கடைசியில்.

“நீங்களும் போங்கோ ஐயா,” என்றாள் அவள் என்னிடம். “கதை சொன்னது நீங்கள்தானே.”

அடுத்த ஞாயிறு மதியத்துக்குப் பின் கார் து நோர் நிலையத்தில் மூவரும் ரயில் ஏறினோம். பாஸ்டர் வழியெல்லாம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ஊழியர் கதவருகே நின்றார். அவருடைய ரெசெப்பிசே சட்டைப் பையில் இருந்தது. கை அடிக்கடி அங்கே போய்த் தடவிவிட்டு வந்தது.

கதவைத் தமையன்தான் திறந்தான். பருத்த தோள், புதிதாகச் சவரம் செய்த முகம். பாஸ்டரைப் பார்த்ததும், “போன்ஷூர் மொன் பேர்,” வணக்கம் சாமி, என்று கும்பிட்டு, உள்ளே கூட்டிப்போய் நல்ல நாற்காலியில் உட்காரவைத்தான். வயசைப் பார்த்து எனக்கும் ஒன்று போட்டான். ஊழியர் காலெடுத்து வைக்கப் போனபோது கையைக் குறுக்கே நீட்டினான்.

“நீர் அங்கையே நில்லும்.”

உள்ளே வேறு இரண்டு இளைஞர்கள் சுவரில் சாய்ந்து நின்றார்கள். தம்பி அடுப்படி வாசலில், தலை குனிந்து நின்றான். அந்தப் படம் சுவரில் இருந்தது. ஒரு மூலை ஊறி உப்பியிருந்தது. அதன் முன்னால் ஊதுபத்தி, ஒரு தட்டில் மோதகம்.

தமையன் தட்டைப் படத்தின் முன்னாலிருந்து எடுத்தான். முதலில் பாஸ்டரிடம் நீட்டினான். தட்டு எங்கிருந்து வந்தது என்று கவனிக்காமல், மரியாதைக்குக் கொடுத்த பலகாரம் என்று அவர் எடுத்தார், கடித்தார், தலையாட்டினார். இன்னொன்றும் எடுத்தார். படைத்ததைத் தொடக் கூடாது என்று வாரம் தவறாமல் என்னைத் தமிழில் மொழிபெயர்க்கவைத்த மனிதர் அவர். நான் சொல்ல வாயெடுத்தேன். சுவரோரம் நின்றவன் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். தட்டு என்னிடம் வந்தது. நான் புதுச்சேரிக்காரன், எல்லா வீட்டுப் பலகாரமும் தின்று வளர்ந்தவன். எடுத்துக்கொண்டேன்.

பிறகு அவன் வாசலுக்குப் போனான்.

“பிள்ளையாருக்குப் படைச்சது. சாப்பிட்டிட்டு உள்ளை வாரும். சாப்பிடாட்டி,” என்று படிக்கட்டைக் காட்டினான், “அதாலை எப்படிப் போவீரெண்டு எனக்குத் தெரியாது.”

சுவரோரம் நின்ற இருவரும் நிமிர்ந்தார்கள். அது நான்காம் மாடி. திரான்சிக்கு எந்தக் காவல் நிலையம், புகாரை எந்தத் தாளில் எழுதுவது, மருத்துவச் சான்று யாரிடம் வாங்குவது எல்லாம் எனக்குத் தெரியும். அவை எதுவும் அந்த வாசலுக்கு உதவாது என்பதும் தெரிந்தது.

ஊழியர் தட்டையும் பார்த்தார், உள்ளே மென்றுகொண்டிருந்த பாஸ்டரையும் பார்த்தார். ஒரு கை நீட்டினால் போதும், கோபித்துக்கொள்ள ஆளில்லை.

“அண்ணை, நான் இதைச் சாப்பிடமாட்டன்,” என்றார். “படம் குப்பைக்குப் போனது என்னாலை. இவன் பொடியன், நான் சொல்லித்தான் செய்தவன். அது பிழை. கும்பிடாதை எண்டு சொல்ல எனக்கு உரிமை இருக்கு. உங்கட சாமானைக் குப்பையிலை போடச் சொல்ல இல்லை. அடிக்கிறதெண்டால் அடியுங்கோ. ஆனா என்ரை வாய்க்குள்ளை இதை வையாதேங்கோ.”

தமையன் தட்டை நீட்டியபடியே நின்றான். அந்த நேரத்தில் பாஸ்டர் உள்ளிருந்து, பலகாரம் மிக நன்றாக இருக்கிறது, உள்ளே இருப்பது என்ன பருப்பு என்று பிரெஞ்சில் கேட்டார்.

தமையன் திரும்பிப் பார்த்தான். அவனுக்கு அவ்வளவு பிரெஞ்சு தெரியும்.

“உம்மட சாமியார் ரெண்டு திண்டிட்டார்,” என்றான். “மூண்டாவதுக்குப் பாக்கிறார்.”

சுவரோரம் நின்ற ஒருவன் சிரித்தான். மற்றவனும் அடக்க முடியாமல் சிரித்தான். தமையன் சிரிக்கவில்லை, ஆனால் தோள் இறங்கியது. தட்டைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு ஊழியரிடம் தாழ்ந்த குரலில் சொன்னான்: “நீர் உண்மையான ஆள்தான். அதாலை முழுசாப் போறீர். இவன் உங்கடை இடத்துக்கு வாறதெண்டால் வரட்டும், அது அவன்ரை பாடு. இஞ்சை ஜெபம் கிடையாது. இனி இந்தப் பக்கம் வராதையும்.”

“ஓம் அண்ணை,” என்றார் ஊழியர். வாசலைத் தாண்டாமலே திரும்பினார்.

ரயிலில் பாஸ்டர் நிறைந்த மனதோடு இருந்தார். அந்த வீடு நம்மை எவ்வளவு அன்பாக வரவேற்றது, ஜெபிக்க முடியாவிட்டாலும் விதை விழுந்துவிட்டது என்றார். அவர்கள் எதற்குச் சிரித்தார்கள் என்று என்னைக் கேட்டார். நான் ஊழியரைப் பார்த்தேன்.

“சொல்லாதேங்கோ ஐயா,” என்றார். “பாவம், வயசுபோன மனுசன். தெரிஞ்சால் நித்திரை கொள்ளமாட்டார்.”

பருப்பைப் பற்றிப் பேசிச் சிரித்ததாகச் சொன்னேன். அது முழுப் பொய்யுமில்லை.

ரூ காய் முனையில் அவருடைய மனைவி குளிரில் நின்றிருந்தாள். பாஸ்டருக்குத் தலையசைத்துவிட்டுக் கணவனின் முகத்தை ஒரு பக்கமும் மறுபக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

“அடிச்சவையோ?”

“இல்லை.”

“சாப்பிடத் தந்தவையோ?”

“தந்தவை. நான் சாப்பிடேல்லை.”

அவள் எங்கள் மூவரையும் பார்த்தாள். “அப்ப வாங்கோ, சோறு ஆறுது,” என்று அவரை மட்டும் கூட்டிக்கொண்டு போனாள்.