ஆசிபா சொன்ன ஜிப்சம்

ஜூன் மாதம் வந்தால் வீரசோழனில் ஆசிபாவின் தையல் கடையில் நிற்க இடமிருக்காது. இரண்டு மிஷின், கூடத் தைக்க ஒரு பெண், ஊர்ப் பிள்ளைகளின் சீருடை முழுக்க அவள் கையில்தான். கணவன் சாதிக் குவைத்தில் இருந்தான். அவனுடைய சொந்த ஊரான தொண்டியில் கடலைப் பார்த்து வீடு எழும்பிக்கொண்டிருந்தது. வீடு முடிந்ததும் மாமியாரோடு அங்கே போய்விட வேண்டும், தையல் அத்தோடு சரி என்று நிக்காஹுக்கு முன்பே பேசி முடித்திருந்தார்கள். அவளை யாரும் கேட்கவில்லை.

மூன்று வருடமாக முடியாமல் இழுத்த வீடுதான் அவளைக் காப்பாற்றியது. இப்போது குளியலறைக்கும் அடுப்படிக்கும் சீலிங் அடிப்பது மட்டுமே பாக்கி. அதை நீயே பார்த்துச் சொல்லு என்று போனில் பெரிய மனது பண்ணினான் சாதிக். கல்யாணத்துக்குப் பிறகு அவள் இஷ்டத்துக்கு விட்ட முதல் விஷயம் அதுதான்.

அவளும் அருப்புக்கோட்டையில் கடை கடையாக ஏறி இறங்கினாள். நீராவியும் உப்புக்காற்றும் சேர்கிற இடத்தில் ஜிப்சம் போர்டு உப்பித் தொங்கிவிடும், பிளைவுட்டில் பூசணம் பூக்கும், பிவிசி பேனல்தான் தாங்கும் என்றார்கள். எல்லாவற்றையும் நன்றாகக் கேட்டுக்கொண்டு, சீலிங் அடிக்கிற சோலைச்சாமியிடம் கூசாமல் ஜிப்சம் என்றாள். ஐப்பசி மழைக்கு அது தொங்கிவிடும். சரிசெய்கிற வரைக்கும் என்று சொல்லி வீரசோழனுக்கு வந்துவிடலாம். கரிசல்காட்டுப் பெண்ணுக்குக் கடற்காற்றைப் பற்றி என்ன தெரியும் என்று கேலி பேசுவார்கள். மூன்று வருடமாகக் கேட்கிற கேலிதானே, ஒரு தடவை தனக்கும் உதவட்டும் என்று நினைத்தாள்.

குடிபோன அன்று பாத்திஹா ஓதி முடிந்ததும் சோலைச்சாமி அவளை அடுப்படிக்குக் கூப்பிட்டு மேலே காட்டினார். முகமெல்லாம் சிரிப்பு.

“தங்கச்சி, நீங்க வெவரம் தெரியாம ஜிப்சம்னு சொல்லிட்டீக. நம்ம ஊர்ப்பக்கத்துப் பொண்ணு பொழைக்கப் போற வீடு, மனசு கேக்கல. பிவிசி போட்டு, துருப்பிடிக்காத ஸ்குருவா முறுக்கிட்டேன். இருவது வருசத்துக்கு அசையாது. நீங்க சொல்லித்தான் போட்டேன்னு பாய்கிட்டயும் போன்ல சொல்லிட்டேன்.”

பின்னால் மாமியார் மீரான் பீவி, மருமகளின் கெட்டிக்காரத்தனத்தை வந்தவர்களிடம் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார். ஆசிபாவுக்கு அந்த மனிதர் மேல் கோபப்படக்கூட வழியில்லை.

“நல்லதுண்ணே,” என்றாள். அவருக்குச் சாப்பாடு போட்டாள். சாயங்காலம் கடைப்பெண்ணுக்குப் போன் பண்ணி, இரண்டு மிஷினையும் விற்றுவிடச் சொன்னாள்.