அவர் மிச்சம் வைத்த மாத்திரை

நான் மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்கிறேன். கணவர் இறந்த பிறகு வீட்டில் தனியாகத்தான் இருக்கிறேன். போன கோடையில் பாத்தியில் கிடந்த கண்ணாடிச் சில்லு காலைக் கிழித்துவிட்டது. புண் வீங்கியதும், அவருக்கு எப்போதோ டாக்டர் எழுதிக் கொடுத்து மிச்சமிருந்த மாத்திரைகளை எடுத்தேன். தேதி முடிந்திருந்தது தெரிந்தும் விழுங்கினேன். அவரே எடுத்துக் கொடுத்தது போல ஓர் ஆறுதல்.

காய்ச்சல் விடவில்லை. வீக்கம் முழங்கால் வரை ஏறியது. எழுந்து தண்ணீர் குடிக்கக்கூட முடியவில்லை. நான் வேலைக்கு வராததைப் பார்த்து, உடன் வேலை செய்தும் அதிகம் பேசிப் பழகாத செல்விதான் தேடி வந்தாள். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள்.

செல்வி கையோடு எடுத்து வந்த மாத்திரை அட்டையைப் பார்த்த நர்ஸ், "இது தேதி முடிஞ்சதும்மா. உங்களுக்கு எழுதினதும் இல்ல. இன்னும் லேட்டாயிருந்தா காலையே எடுக்க வேண்டியிருக்கும். வீட்டுல யாரும் சொல்லலியா?" என்றார்.

"சொல்ல ஆளு இல்லீங்க."

செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏன்க்கா, பக்கத்துப் பாத்தியிலதான நிக்கிறேன். ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

கால் பிழைத்தது. மீதி மாத்திரைகளை நர்ஸிடமே கொடுத்துவிட்டு, என் கணவரை இன்னொரு முறை அனுப்பிவைத்தது போல அழுதேன். பக்கத்தில் நின்றவளிடம் கேட்காமல், போய்விட்டவரிடம் மருந்து கேட்டிருக்கிறேன்.